70 வயதில் தசை கரைவதைத் தடுக்க நடைப்பயிற்சி மட்டும் போதுமா?

போதாது. நடை இதயத்துக்கு நல்லதுதான். தொடைத் தசைக்குக் கொஞ்சம் பாரம் வேண்டும். எளிய வழி, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. கைப்பிடி உள்ள, சக்கரமில்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பாதத்தைச் சற்றுப் பின்னால் இழுத்து, முன்பக்கம் சாய்ந்து எழுந்திருங்கள். திரும்ப உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்குங்கள். பாதிப் பலன் அதில்தான். மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும், கவனம். எட்டு முறை, அப்புறம் ஓய்வு, மறுபடி எட்டு. வாரம் 2 நாளாவது செய்யுங்கள். சுலபமாகிவிட்டால் கை ஊன்றாமல் எழலாம்.

இனிமேலா வலு கூடும் என்று சலித்துக்கொள்ள வேண்டாம். 1990இல் வெளியான பாஸ்டன் ஆய்வில் 90 வயதுக்காரர்களுக்கே 8 வாரத்தில் கால் வலிமை நன்றாகக் கூடியது. மறுநாள் தொடை லேசாக வலிப்பது சகஜம். நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.