வாடகை வீட்டுக்கு வாரண்டி பிளான் வாங்கலாமா?

மலேசியா, சுங்கை சிப்புட்ல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. தோட்டத்துல உழைச்ச இபிஎஃப் (சேமநிதி) காசுல வாங்குன தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டை மாசம் 700 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாடகைக்கு விட்டிருக்காங்க, இப்ப தண்ணி பம்பு கெட்டுப்போச்சு, செஞ்சு குடுத்தாதான் வாடகைன்னு குடியிருக்கிறவரு நிக்கிறாரு, இதுக்கு நடுவுல ஒருத்தர் வந்து வருஷத்துக்கு 960 வெள்ளி கட்டுங்க எல்லா ரிப்பேரும் நாங்க பாத்துக்குறோம்னு ஹோம் வாரண்டி பிளான் விக்கிறாராம்.

அக்கா, இப்ப வாங்காதீங்க. ஒரு மாச வாடகைய விட அதிகமா போகுது, அதுவும் ஏற்கனவே கெட்டுப்போன பம்புக்கு அவங்க காசு தர மாட்டாங்க. இந்த மாதிரி பிளான் அமெரிக்காவுல ரொம்ப நாளா இருக்கு, அங்கயும் முன்னாடியே இருந்த பழுது, சரியா பராமரிக்காத சாமான் இதெல்லாம் சேராது, ஆள் வந்து பாக்குறதுக்கே ஒவ்வொரு தடவையும் தனிக் காசு கேப்பாங்க.

நீங்க முக்கியமா புரிஞ்சிக்க வேண்டியது, பிளான் வாங்குனா உங்க பொறுப்பு கைமாறாது. அது உங்களுக்கும் கம்பெனிக்கும் உள்ள ஒப்பந்தம், கம்பெனி ரெண்டு வாரம் இழுத்தடிச்சா குடியிருக்கிறவரு உங்களத்தான் கேப்பாரு. யார் எதை ரிப்பேர் செய்யணும்ங்கிறது உங்க வாடகை அக்ரிமெண்ட்ல எழுதுனதுதான், 1950 ஒப்பந்தச் சட்டப்படி அதுதான் பேசும். அதனால அடுத்த தடவை எழுதுறப்ப கூரை, வயரிங், மெயின் பைப்பு, பம்பு வீட்டுக்காரருக்கு, பல்பு, ஏர்கோன் சர்வீஸ், அவங்க உடைச்சது அவங்களுக்குன்னு பேர் சொல்லி எழுதுங்க, எத்தனை நாளுக்குள்ள செய்யணும்னும் போடுங்க. ஸ்டாம்ப் அடிக்க மறக்காதீங்க, ஸ்டாம்ப் இல்லாத அக்ரிமெண்ட்டை கோர்ட்ல சாட்சியா ஏத்துக்க மாட்டாங்க.

அந்த 960 வெள்ளிய பன்னெண்டா பிரிச்சா மாசம் 80 வெள்ளி, அதை மாசாமாசம் தனியா போட்டு வைங்க, அதுல ரிப்பேர் பாருங்க. ரசீது கண்டிப்பா வேணும், வாடகை வருமானத்துக்கு வரி கட்டும்போது ரிப்பேர் செலவு, தீ இன்சூரன்ஸ், நிலவரி, கதவுவரி (நகராண்மைக்குக் கட்டுற வீட்டு வரி) எல்லாம் கழிக்கலாம், ஆனா புதுசா ரூம் கட்டுனா அது கழியாது. வாரண்டி வாங்குனாலும் வாங்காட்டியும் இன்சூரன்ஸ நிறுத்திடாதீங்க, தீ பிடிச்சா வாரண்டி உதவாது.

வாடகை தரலன்னு கோபத்துல பூட்டு மட்டும் மாத்திடாதீங்கக்கா. கோர்ட் ஆர்டர் இல்லாம வெளியேத்த முடியாது, 1950 தனிநிவாரணச் சட்டம் (Specific Relief Act) பிரிவு 7(2) அதைத் தடுக்குது. பம்பை முதல்ல ஓட வைங்க, வீட்ல பிள்ளைங்க இருக்குன்னு எழுதியிருக்கீங்க, தண்ணி இல்லாம எப்படி. காசு யார் தலையிலன்னு பிறகு பேசலாம், அக்ரிமெண்ட்ல ரிப்பேர் பத்தி இருக்கிற பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்புங்க, அதைப் பாத்துட்டு உறுதியா சொல்றேன்.