கடற்கரைப் பிள்ளையளுக்கு காசு வாங்காத படிப்பு: டீச்சரிட்ட கேட்ட கேள்வியள்

திருகோணமலையில நிலாவெளி ரோட்டுப் பக்கம் ஒரு கரையோரக் கிராமத்தில சேர்ச் மண்டபத்தில பின்னேர வகுப்பு நடத்துறன். அதுக்கு முதல் அரசாங்க ஸ்கூல்ல ஆரம்பப் பிரிவுக்குப் படிப்பிச்சனான். சுனாமிக்கு அடுத்த வருசம், 2005 ல, 7 பிள்ளையளைப் பாயில இருத்தித் தொடங்கினது, இப்பவும் பாதிப் பேர் பாயிலதான். இதைப்பற்றி கனபேர் கேக்கிறீங்க, ஒவ்வொருத்தரா பதில் சொல்லுறன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்க.

உப்புவெளியில இருந்து ஒரு தம்பி: டீச்சர், எங்கட சபைக்கு காணி இருக்கு, வெளிநாட்டு ஆக்களும் உதவி செய்யிறம் எண்டினம். ஏழைப் பிள்ளையளுக்கு இலவச கிறிஸ்தவ ஸ்கூல் ஒண்டே கட்டினா என்ன?

தம்பி, மனசு நல்ல மனசு, ஆனா காணிக்கு அத்திவாரம் வெட்ட முதல் சட்டத்தைப் பாருங்க. முந்தி மிஷன்காரர் நினைச்ச இடத்தில பள்ளிக்கூடம் வைச்சவை. 1814 ல மெதடிஸ்த மிஷன் ஆக்கள் காலியில வந்து இறங்கி, அதில வில்லியம் ஓல்ட் எண்டவர் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கி அடுத்த வருசமே இறந்துபோனார். எங்கட டவுனில சூசையப்பர் கல்லூரி, மரியாள் கல்லூரி, மெதடிஸ்த பெண்கள் கல்லூரி எல்லாம் அந்த வழியில வந்ததுதான். பிறகு 1960 லயும் 1961 லயும் வந்த சட்டங்களால நாட்டில பெரும்பாலான மிஷன் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்திட்டுது, அதோட 5 வயசில இருந்து 14 வயசு வரைக்கும் உள்ள பிள்ளையளுக்கு புதுசா தனியார் ஸ்கூல் தொடங்க ஏலாது எண்டும் வைச்சிட்டினம். இன்ரநேஷனல் ஸ்கூல்கள் கம்பெனியா பதிஞ்சு நடத்துறாங்க, அது வேற கதை, அங்க ஏழைப் பிள்ளை கேற்றடிக்கும் போகாது.

அதால பள்ளிக்கூடம் எண்டு போர்ட் போடாதீங்க. முன்பள்ளி நடத்தலாம், அதுக்கு மாகாண முன்பள்ளிப் பணியகத்தில பதிய வேணும். பின்னேர வகுப்பு நடத்தலாம். பிள்ளையளைத் தங்கவைக்கிறது எண்டா நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில பதியாம ஒரு பிள்ளையையும் ஒரு ராத்திரி கூட வைக்காதீங்க. எங்கட பிள்ளையள் எல்லாம் காலமை அரசாங்க ஸ்கூலுக்குப் போய்த்தான் பின்னேரம் எங்களிட்ட வரும். அங்க போகாத பிள்ளைய நாங்க இங்க எடுக்கிறதும் இல்ல, முதல்ல கையைப் பிடிச்சு அதிபரிட்டக் கூட்டிக்கொண்டு போறம்.

பாலையூற்றில இருந்து ஒரு அக்கா: 1945 ல இருந்து இந்த நாட்டில படிப்பு இலவசம்தானே. புத்தகமும் யூனிபோமும் சும்மா தாறாங்க. பிறகு உங்கட இலவசத்தில என்ன இருக்கு?

அக்கா, நல்ல கேள்வி கேட்டீங்க. அந்தக் காலத்துக் கல்வி அமைச்சர் கன்னங்கரா ஐயா கொண்டுவந்த அந்த இலவசக் கல்வி இல்லாட்டி நானே டீச்சர் ஆகியிருக்க மாட்டன், அதை நான் ஒருநாளும் குறைச்சுச் சொல்ல மாட்டன். ஆனா ஸ்கூல் கேற்றுக்குள்ள போறதுக்கு முதல் செலவு தொடங்கியிடும். சப்பாத்து, பஸ், கொப்பி, வசதிக் கட்டணம், அபிவிருத்திச் சங்கக் காசு, அதுக்குமேல எல்லாரும் ரியூசனுக்குப் போறதால ரியூசன் போகாத பிள்ளை வகுப்பில பின்னுக்குப் போயிடும், கொஞ்ச நாளில வெக்கத்தில வராம விட்டிடும்.

ஒரு பெடியன் எங்களிட்ட இருந்தவன், தரம் 4. கிழமையில மூண்டு நாள் ஸ்கூலுக்கு வருவான், ரெண்டு நாள் வர மாட்டான், அதுவும் ஒரு ஒழுங்கா. கள்ளமாக்கும் எண்டு நானும் நினைச்சன். ஒருநாள் வீட்ட போனா, அவனும் அண்ணனும் ஒரு சோடி சப்பாத்தை மாறி மாறிப் போடுறாங்கள்! தம்பிக்கு முன்னுக்கு பேப்பர் சுருட்டி வைச்சிருக்கு, அண்ணனுக்கு பேப்பரை எடுத்துவிட்டா சரி. தாய் சப்பாத்தைக் கழுவி அடுப்புக்குப் பக்கத்தில காயவைச்சிருந்தவ. அண்டைக்கு நான் வீட்ட வந்து சாப்பிடேல்ல. எங்கட இலவசம் எண்டா இந்த மாதிரி இடத்தில நிக்கிற இலவசம் அக்கா. சப்பாத்து, கொப்பி, பின்னேரம் அவிச்ச கௌபியோ கடலையோ ஒரு கோப்பை, பிறகு ஒவ்வொரு பிள்ளைக்குப் பக்கத்திலயும் இருந்து வாசிக்கவைக்க ஒரு ஆள்.

கிண்ணியாவில இருந்து ஒரு உம்மா: எங்கட உறவுக்காரப் பிள்ளை உங்கட பக்கம் இருக்கு, வாசிக்கத் தெரியாது. சேர்ச்சில வகுப்பு எண்டபடியா பயமா இருக்கு. ஜெபம் பண்ணவைப்பீங்களா?

இல்ல தங்கச்சி. வகுப்பு 4 மணிக்குத் தொடங்கி 5.30 க்கு முடியும். அதுக்குப் பிறகுதான் எங்கட பிள்ளையளுக்கு வேதாகமக் கதையும் பாட்டும், மற்றப் பிள்ளையள் அதுக்கு முதலே வீட்ட போகலாம், போற பிள்ளைய ஒருத்தரும் ஒரு மாதிரிப் பாக்கக் கூடாது எண்டு பெரிய ஆக்களுக்குக் கண்டிப்பாச் சொல்லியிருக்கிறன். சாப்பாடு வகுப்புக்கு முதலே குடுத்திடுவம், வேணுமெண்டுதான் அப்பிடி வைச்சது, கதை கேட்டாத்தான் கடலை எண்டு ஒரு பிள்ளை நினைச்சிடக் கூடாது.

உங்கட பிள்ளை பின்னேரம் குர்ஆன் மத்ரஸாவுக்குப் போறதெண்டா நேரத்தைச் சொல்லுங்க, சனிக்கிழமை காலமையும் ஒரு வகுப்பு இருக்கு, மத்ரஸாவை விட்டிட்டு எங்களிட்ட வர வேண்டாம். நோன்பு மாசத்தில சின்னனுகளும் சிலது நோன்பு பிடிக்கும், அந்தப் பிள்ளையளை கௌபிச் சட்டிக்கு முன்னால இருத்த மாட்டம். வந்து ஒருநாள் பின்வாங்கில இருந்து நீங்களே பாருங்க.

சாம்பல்தீவில இருந்து ஒரு ஐயா: வெளிப்படையாக் கேக்கிறன் டீச்சர். படிப்பைக் காட்டி, சாப்பாட்டைக் காட்டி மதம் மாத்துறதுதானே இதின்ர உள்நோக்கம்?

ஐயா, நீங்க கேட்டதில பிழை இல்ல. அப்பிடி நடந்தது, இப்பவும் சில இடத்தில நடக்குது, நான் அதை மறைச்சு எழுதினா என்ர வேதம் என்னை விடாது. யாழ்ப்பாணத்தில மிஷன் பள்ளிக்கூடங்கள் நல்லா ஓடின காலத்திலதான் ஆறுமுக நாவலர் 1848 ல வண்ணார்பண்ணையில சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவரே மிஷன் பள்ளிக்கூடத்தில படிச்சு, அங்க படிப்பிச்சு, பேர்சிவல் பாதிரியாரோட வேதாகம மொழிபெயர்ப்பில வேலை செய்தவர். எங்கட பிள்ளை எங்கட சமயத்தோட படிக்க வேணும் எண்டு ஒரு தகப்பனுக்கு வாற அதே கவலைதான் அவருக்கும் வந்தது. அந்தக் கவலைக்கு நான் மரியாதை குடுக்கிறன்.

எங்கட இடத்தில செய்யிறதைச் சொல்லுறன். ஸ்கூல்ல ஓ.எல். வரைக்கும் சமயம் கட்டாய பாடம், அவையவையின்ர சமயத்திலதான் சோதினை. எங்களிட்ட வாற சைவப் பிள்ளையளில ரெண்டு மூண்டு பேர் சைவநெறியில குறைய எடுத்தாங்கள், எனக்கு அது தெரியாது, அதால ஊர்க் கோயில் ஐயரின்ர மகளிட்டப் போய்க் கேட்டன், அந்தப் பிள்ளை வந்து சேர்ச் மண்டபத்துத் திண்ணையில இருந்து தேவாரம் சொல்லிக்குடுத்திச்சு. எங்கட சபையில சிலருக்கு அது பிடிக்கேல்ல, ஒரு மாசம் என்னோட முகம் குடுத்துக் கதைக்கேல்ல. நான் கேட்டது ஒண்டுதான், இயேசு சாமி அஞ்சப்பத்தைப் பிட்டுக் குடுக்கேக்க ஆரார் என்ன சமயம் எண்டு பேர் எழுதி எடுத்தவரோ?

பிள்ளையோ தாய் தகப்பனோ பிறகு ஒருநாள் தாங்களா வந்து விசுவாசத்தைப்பற்றிக் கேட்டா நான் சந்தோசமாச் சொல்லுவன், அதை ஒளிக்க மாட்டன் ஐயா, நான் கிறிஸ்தவள். ஆனா கொப்பிக்கு ஞானஸ்நானம் விலை இல்ல.

கனடாவில இருந்து ஒரு அண்ணா: மாசாமாசம் ஒரு பிள்ளைக்குக் காசு அனுப்ப விருப்பம். பிள்ளையின்ர படம், பேர், வீட்டு நிலைமை எல்லாம் அனுப்புவீங்களா?

காசுக்கு நன்றி அண்ணா, படம் அனுப்ப மாட்டன். ஏனெண்டு கேளுங்க. 1800 களில அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில விடுதிப் பள்ளிக்கூடம் நடத்தேக்க, ஒரு பிள்ளைக்கு செலவு குடுக்கிற அமெரிக்கர் அந்தப் பிள்ளைக்கு தாங்கள் விரும்பின பேரை வைக்கலாம். கறோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை எண்டெல்லாம் பேர்கள் வந்தது அந்தக் காலத்து வழக்கத்தாலதான். விசுவநாதபிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின்ர முதல் ரெண்டு பட்டதாரியில ஒருத்தர், அந்தப் படிப்பு சின்ன விசயம் இல்ல, அதுக்கு நாங்க நன்றியாத்தான் இருக்க வேணும். ஆனா காசு குடுத்தவருக்குப் பிள்ளை சொந்தம் எண்ட நினைப்பு அதுக்குள்ள இருக்கு, அது இப்ப படத்துக்குள்ள வந்திருக்கு.

சுனாமிக்குப் பிறகு ஒரு உதவி அமைப்பு எங்கட பிள்ளையளை வரிசையில விட்டு பாக் குடுத்து, அழுத பிள்ளைய இன்னும் கிட்ட வந்து படமெடுத்தது. அந்தப் பிள்ளைக்கு இப்ப கலியாணமாகிட்டுது, அந்தப் படம் எங்க கிடக்குதோ. நீங்க பொதுவா அனுப்புங்க, எத்தினை சோடி சப்பாத்து, எத்தினை கிலோ கௌபி எண்டு பில்லோட கணக்கு அனுப்புறன்.

குச்சவெளிப் பக்கம் வகுப்பு நடத்துற ஒரு சிஸ்டர்: சீசன் தொடங்கினா பிள்ளையளைக் காணக் கிடைக்காது. என்ன செய்யிறது?

சிஸ்டர், எங்களுக்கும் அதேதான். பங்குனியில கடல் அமைதியாகினா கரைவலை தொடங்கியிடும், கயிறு இழுத்தா பெடியனுக்கும் ஒரு பங்கு மீன், வீட்டில அண்டைக்குக் கறி. மாரியில மண்டபம் நிரம்பும், ஆனா அப்ப வீட்டில காசே இருக்காது. முதல் ரெண்டு வருசம் நான் தாய்மாரோட சண்டை பிடிச்சன், ஒரு பிரயோசனமும் இல்ல. பிறகு நேரத்தை மாத்தினம். 1780 ல இங்கிலாந்தில குளோஸ்டர் எண்ட ஊரில ரொபர்ட் ரேய்க்ஸ் எண்டவர் ஞாயிறு பள்ளிய நடத்தத் தொடங்கினதும் இப்பிடித்தான், பிள்ளையள் ஆறு நாள் வேலைக்குப் போகுது, லீவு ஞாயிறு ஒண்டுதான், அண்டைக்கு வாசிக்கப் படிப்பிச்சார். நாங்க வலை கரைக்கு வந்து மீன் பிரிச்ச பிறகு வகுப்பு வைக்கிறம், சில நாள் அது 6 மணியாகும். கயிறு பிடிச்ச கை கொஞ்ச நேரத்துக்கு பென்சிலைப் பிடிக்காது, விரல் மடங்காது, அதால முதல் அரை மணித்தியாலம் எழுத்து வேலை இல்ல, வாசிப்பும் வாய்ப்பாடும்தான்.

ஆனா ஸ்கூல் நேரத்தில பிள்ளைய வேலைக்கு விடுற ஆளோட மட்டும் விட்டுக்குடுக்காதீங்க. சம்மாட்டியோட, அதுதான் வலைச் சொந்தக்காரரோட, நேர கதையுங்க, கேக்காட்டி 1929 க்கு எடுங்க, சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின்ர நம்பர்.

வெருகலில இருந்து: பிறப்புச் சாட்சிப்பத்திரம் இல்லாத பிள்ளைய ஸ்கூல்ல சேர்க்கலாமா?

சேர்க்கலாம். பத்திரம் இல்லை எண்டு பிள்ளைய வீட்டில வைச்சிருக்காதீங்க, கிராம சேவகரின்ர (ஜீ.எஸ்.) கடிதத்தோட அதிபரிட்டப் போங்க, இல்லாட்டி வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போங்க. பிறப்பு பதிஞ்சு பத்திரம் துலைஞ்சதெண்டா பிரதேச செயலகத்தில பிரதி எடுக்கலாம். பதியவே இல்லை, மூண்டு மாசமும் தாண்டிட்டுது எண்டா காலங்கடந்த பதிவு செய்ய வேணும், அலைச்சல்தான், தாயோட ஆராவது எழுத வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் கூடப் போங்க.

லிங்கநகரில இருந்து ஒரு அண்ணன்: எல்லாத்தையும் இங்கிலீசில நடத்தினா ஏழைப் பிள்ளையளுக்கு நல்லம் தானே?

இங்கிலீசு படிப்பிக்க வேணும், இங்கிலீசில படிப்பிக்க வேண்டாம். 1680 அளவில பிரான்சில லசால் எண்ட குருவானவர் ஏழைப் பிள்ளையளுக்கு காசு வாங்காம பள்ளிக்கூடம் நடத்தேக்க, அந்தக் காலத்தில லத்தீனிலதான் வாசிக்கத் தொடங்கிறது, அவர் முதல்ல பிரெஞ்சு, அவையின்ர சொந்தப் பாசை எண்டு மாத்தினார். அம்மா எண்டு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளை ஆப்பிளை எழுதி என்ன செய்யிறது?

உவர்மலையில இருந்து: படிப்பிக்கிற ஆக்களுக்கு சம்பளம் குடுக்கிறீங்களா? ஊழியம் எண்டா சும்மா செய்ய வேணாமா?

குடுக்கிறம், கொஞ்சமெண்டாலும் மாசம் தவறாம. படிப்பிக்க வாறது அநேகமா ஏ.எல். முடிச்ச ஏழை வீட்டுப் பெண் பிள்ளையள், அவையைச் சும்மா வேலை வாங்கி இலவசம் எண்டு சொல்லுறது எனக்கு நீதியாப் படேல்ல. காசு பாதி சபைத் தாய்மாரின்ர பிடியரிசியில இருந்து வருகுது, உலையில போட முதல் ஒரு பிடிய எடுத்து டின்னில போடுவினம், மாசக் கடைசியில சேர்த்து விப்பம். மற்றது ஒண்டு, எங்கட மண்டபத்தில எப்பவும் ரெண்டு பெரிய ஆக்கள் இருக்க வேணும், பாஸ்டரா இருந்தாலும் தனிய ஒரு பிள்ளையோட கதவைச் சாத்தக் கூடாது. இதைக் கேட்டா சிலருக்குக் கோவம் வரும், வரட்டும்.

மூதூரில இருந்து ஒரு தங்கச்சி: டீச்சர், நான் ஓ.எல். எழுதி கணக்கு ஃபெயில். இப்ப டவுனில மாமி வீட்ட இருக்கிறன். உங்கட பிள்ளையளுக்கு நான் படிப்பிக்கலாமா?

வாங்க பிள்ளை. சின்னனுகளுக்கு வாசிச்சுக் காட்ட கணக்கு தேவையில்ல. சனிக்கிழமை 9 மணிக்கு நிலாவெளி பஸ் எடுத்து வாங்க, பஸ் காசு நான் தாறன். ஒரு மாசம் தரம் 1 பிள்ளையளோட பாயில இருந்து பாருங்க. சிவப்புப் பேனை கொண்டுவராதீங்க, பிழை எண்டு வெட்டின கொப்பியை ஒளிச்சுவைச்சிட்டு வராம நிண்ட பிள்ளையள் எங்களிட்ட இருக்கு. உங்கட கணக்குப் புத்தகத்தையும் கொண்டுவாங்க, வகுப்பு முடிய பின்வாங்கில நானும் நீங்களும் இருப்பம்.