சாக்லேட்டும் துடுப்பும்

அன்புள்ள சார்,

லூயி சாம்பரினி பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். பெர்லின் ஒலிம்பிக்கில் ஓடியவர், பசிபிக் கடலில் ரப்பர் மிதவையில் 47 நாள் உயிரோடு கிடந்திருக்கிறார் என்பது பிரமிப்புதான். ஆனால் என் மனம் அவரோடு மிதவையில் கிடந்த இருவரில் ஒருவனான மக்னமாராவிடமே சிக்கிக்கொண்டது. மூவருக்கும் பொதுவான சாக்லேட்டை முதல் ராத்திரியே, மற்ற இருவரும் தூங்கும்போது தின்று தீர்த்தவன். நீங்கள் அவனை ஒரே வரியில் விட்டுவிட்டீர்கள். அவனை எப்படி சார் மன்னிப்பது?

செ.

அன்புள்ள செ,

லூயிக்கு ‘அவர்’, மக்னமாராவுக்கு ‘அவன்’. என் கட்டுரையைப் புரட்டிப் பார்த்தேன், நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். இந்தப் பதிலில் திருத்திக்கொள்கிறேன்.

1943 மே 27. காணாமல்போன விமானமொன்றைத் தேடிப் போன அமெரிக்கப் போர்விமானம் பி-24 எஞ்சின் நின்று கடலில் விழுகிறது. 11 பேரில் மிஞ்சியது மூன்று பேர். விமானி ஃபிலிப்ஸ் தலையில் அடிபட்டு, பொறுப்பை லூயியிடம் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டார். வால்பக்கத் துப்பாக்கி வீரரான மக்னமாராவோ சாகப்போகிறோம், சாகப்போகிறோம் என்று அலறுகிறார். கையிருப்பு கொஞ்சம் சாக்லேட், சில டின் தண்ணீர். காலையில் ஒரு துண்டு, மாலையில் ஒரு துண்டு என்று லூயி கணக்குப் போட்டுவைத்தார். விடிந்து பார்த்தால் சாக்லேட் இல்லை.

விழுந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. அது பசியில் தின்றதல்ல, பயத்தில் தின்றது. முந்தைய ஆண்டு இதே கடலில் அமெரிக்க விமானி ரிக்கன்பேக்கரும் உடனிருந்த ஏழு பேரும் தத்தளித்தபோது அவர்களிடம் இருந்தது நான்கே ஆரஞ்சு. ஒரு பழத்தை எட்டாக அறுத்து, எல்லாரும் பார்க்கப் பங்கு வைத்தார்கள். அத்தனை கண் பார்க்கும்போது ஒழுங்காக இருப்பது எளிது. மக்னமாராவுக்கு வாய்த்தது இருட்டு.

நான் விட்டுவிட்ட கதை இது. ஒரு நாள் சுறா ஒன்று வாயைப் பிளந்துகொண்டு லூயியின் தலையை நோக்கி மிதவைக்குள் பாய்கிறது. இரண்டு கையாலும் தள்ளிவிடுகிறார். அடுத்து இன்னொன்று, அதைத் துடுப்பால் அடிக்கிறார். முதல் சுறா மறுபடி வரும்போது எங்கிருந்தோ ஒரு துடுப்பு வீசி வந்து அதைக் கடலில் தள்ளுகிறது. அந்தத் துடுப்பைப் பிடித்திருந்தவர் மக்னமாரா, எலும்பும் தோலுமாக. 27ஆம் நாள் ஜப்பானிய விமானம் சுட்டு மிதவையில் 48 ஓட்டை விழுந்தது. ஒருவர் ஓட்டை அடைக்க, ஒருவர் பம்ப் அடிக்க, ஒருவர் சுறாவை விரட்ட என்று ஓடிய நாட்களிலும் அவர் சும்மா படுத்திருக்கவில்லை.

33ஆம் நாள், நான் செத்துவிடுவேனா என்று லூயியிடம் கேட்டிருக்கிறார். லூயி பொய் சொல்லவில்லை. அன்றிரவே மக்னமாரா போய்விட்டார்.

மீதி 14 நாள் இருவர்தான். சாக்லேட் கதை நமக்குத் தெரிவது திரும்பி வந்தவர்கள் சொல்லித்தான். துடுப்புக் கதையும் அவர்கள் சொன்னதே.