ஆத்தங்குடிக் கல்லின் மேல் ஸ்குவாஷ்

வணக்கம்.

எங்களுக்குக் காரைக்குடிப் பக்கம். மகளுக்குப் பத்து வயது, ஷட்டில் நன்றாக ஆடுவாள். சென்னையில் ஸ்குவாஷ் (நாலு சுவருக்குள் நின்று, ராக்கெட்டால் பந்தை முன்சுவரில் அடித்து ஆடும் ஆட்டம்) பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அதே பேச்சு. பூட்டிக் கிடக்கும் எங்கள் பூர்வீக வீட்டில் சாப்பாட்டுக் கூடம் பெரியது, ஆத்தங்குடிக் கல் பாவியது. அதைக் கோர்ட் ஆக்கலாமா? இதை நம்பி ஒரு பெண் பிழைக்க முடியுமா? “கல்யாணப் பந்தி போட்ட இடத்தில் பந்தடிப்பதா” என்று எங்கள் ஆயா (பாட்டி) சத்தம் போடுகிறார்கள்.

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நான் ஆயா கட்சி. கூடத்தைத் தொடாதீர்கள்.

கோர்ட்டுக்கு 32 அடி நீளமும் 21 அடி அகலமும் வேண்டும், நடுவில் தூண் கூடாது. உயரம் 18½ அடி. விட்டம், ஃபேன் எதுவும் அதற்குக் கீழே தொங்கக்கூடாது. இடம் அமைந்தாலும் தரை அமையாது. ஆத்தங்குடிக் கல்லில் வியர்வை சொட்டினால் முன்கால் வழுக்கும். அடியில் நெகிழ்வே இல்லாததால் எட்டி ஊன்றும் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி முழங்காலுக்கு ஏறும். கோர்ட்டில் கட்டைகளை வரித்து மேலே மரப்பலகை அடிப்பது இதற்காகத்தான்.

நம் ஊர் வெயிலும் ஏமாற்றும். போட்டிகளில் ஆடும் இரட்டை மஞ்சள் புள்ளிப் பந்தை 100 அங்குல உயரத்திலிருந்து போட்டால், 45 டிகிரிச் சூட்டில்கூட 25 முதல் 30 அங்குலம்தான் எழும்பும். குளிர்ந்திருந்தால் அதில் பாதிகூட வராது. சித்திரையில் மூடிய கூடத்தில் பந்து சீக்கிரம் சூடாகிக் குதிக்கும், குழந்தை நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் எடுத்துவிடுவாள். ஏசி போட்ட கண்ணாடிக் கோர்ட்டில் அதே பந்து முன்சுவரடியில் செத்து விழும். போதாததற்கு, வழக்கமான கோர்ட்டில் 19 அங்குல உயரம் இருக்கும் தகரம் (முன்சுவரின் அடிப்பட்டை, பந்து அதற்கு மேலேதான் படவேண்டும்) பெண்கள் தொழில்முறைப் போட்டிகளில் 17 அங்குலம்தான். அந்த இரண்டு அங்குலத்தால் டிராப் ஷாட் (முன்சுவரடியில் விழும்படி மெல்லத் தட்டும் அடி) இன்னும் தாழ்வாக வரும், ஓடியே தீரவேண்டும்.

இதையெல்லாம் பணம் போட்டுச் சரிசெய்துவிடலாம். எதிரே நின்று ஆட ஆள்? தன்னைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடுகிற நாலைந்து பேர் தினமும் கிடைக்காமல் யாரும் வளர்வதில்லை. அவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். பல்லவன் ரயிலில் ஏறினால் எழும்பூர். இந்தியன் ஸ்குவாஷ் அகாடமி அங்கிருந்து பக்கம்தான். விடுமுறைகளில் கூட்டிப் போங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஆசை நீடித்தால் ஜாகையை மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

பிழைப்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். சென்னை ஸ்குவாஷ் வீராங்கனை ஜோஷ்னா சின்னப்பா பிரிட்டிஷ் ஜூனியர் ஓபனில் 19 வயதுக்குட்பட்டோர் பட்டம் வென்றது 2005இல். உலகத் தரவரிசையில் முதல் பத்துக்குள் வந்தது 2016இல். இடையில் பதினோரு வருடம். தொழில்முறையின் அடிப்படியில் 3,000 டாலர் போட்டி என்றால் அது எல்லாருக்கும் சேர்த்த பரிசுத்தொகை. முதல் சுற்றில் தோற்றவளுக்கு விமானச் செலவில் ஒரு மூலைகூடத் தேறாது. பெண்களுக்குப் பரிசு குறைவு என்ற வழக்கும் இருந்தது. அதை எதிர்த்து இன்னொரு வீராங்கனை தீபிகா பள்ளிக்கல் பல வருடம் தேசியப் போட்டிக்கே போகவில்லை. தொகை சமமான பிறகு 2016இல்தான் திரும்பினார். ஆகவே ஆரம்பத்தில் சில வருடம் முதல் மட்டும் போகும், வட்டி வராது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் சேர்ந்திருப்பதால் ஆதரவாளர்கள் கிடைப்பது கொஞ்சம் சுலபமாகலாம். நல்ல ஜூனியர் தரவரிசை அமெரிக்கக் கல்லூரி வாசலையும் திறக்கும். படிப்பை விடச் சொல்லாதீர்கள்.

இப்போதைக்கு முற்றத்தில் சாக்பீஸால் நடுவே ஒரு டி (T) எழுத்து, சுற்றி ஆறு புள்ளிகள்: முன்னால் இரண்டு, பக்கவாட்டில் இரண்டு, பின்னால் இரண்டு. ஷூவோடு, பந்தில்லாமல், ஒவ்வொரு புள்ளிக்கும் போய் ராக்கெட்டை வீசிவிட்டு டிக்குத் திரும்ப வேண்டும். 30 விநாடி ஓட்டம், 30 விநாடி ஓய்வு, பத்து முறை. ஷட்டில்காரர்களுக்கு மணிக்கட்டைச் சுண்டும் பழக்கம் இருக்கும். இங்கே மணிக்கட்டு இறுகி, ராக்கெட் முகம் லேசாக மேல்நோக்கித் திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பந்து தகரத்தில்தான் போய் அடிக்கும். பந்து வாங்கும்போது இரட்டைப் புள்ளியைக் கேட்காதீர்கள். நன்றாக எழும்பும் நீலப் புள்ளி போதும்.

கண் கவசத்தையும் ராக்கெட்டோடு சேர்த்தே வாங்குங்கள். பந்தின் குறுக்களவு 40 மில்லிமீட்டர்தான், கண்குழிக்குள் அப்படியே போய் உட்காரும்.