வரையத் தெரியாதவர்களை வைத்து அனிமேஷன் செய்ய முடியுமா?

கேள்வி: கல்லூரி ப்ராஜெக்ட்டுக்காகப் பொதுமக்களையே வரைய வைத்து, கையால் வரைந்த அனிமேஷன் ஒன்று செய்ய நினைக்கிறேன். வரையத் தெரியாதவர்களை வைத்து இது நடக்குமா?

நடக்கும். சொல்லப்போனால், எனக்குத் தொல்லை கொடுத்தது வரையத் தெரிந்தவர்கள்தான்.

இறுதியாண்டில் நான் எடுத்துக்கொண்டது எங்கள் தெருமுனை டீக்கடை. மாஸ்டர் டீ ஆற்றுவதை 8 வினாடிக்கு போனில் பிடித்தேன். வினாடிக்கு 24 பிரேம், அதாவது 24 அசையாப் படங்கள். வரைந்த ஒரே படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் வினாடிக்கு 12 படம் போதும். ஆக மொத்தம் 96. டீக்கு நிற்பவர்கள் ஆளுக்கு ஒன்று வரைய வேண்டும், அவ்வளவுதான் திட்டம். ஓடும் படத்தின் மேல் கோடு இழுக்கும் இந்த ரோட்டோஸ்கோப் முறைக்கு அமெரிக்க அனிமேஷன்காரர் மேக்ஸ் பிளைஷர் 1917-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். 2010-ல் அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷின் பாட்டு ஒன்றுக்கு ரசிகர்கள் இணையத்தில் ஆளுக்கொரு பிரேம் வரைந்தார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசை வந்தது.

முதல் நாள் வெள்ளைத்தாளை நீட்டி, "மாஸ்டரைப் பார்த்து வரையுங்க" என்றேன். பாதிப் பேர் "நமக்கு வராது தம்பி" என்று நழுவினார்கள். மீதிப் பேர் இரண்டு மலை, நடுவில் சூரியன். தப்பு என்னுடையது. வெள்ளைத்தாள் யாரையும் பயமுறுத்தும்.

மறுநாள் ஒவ்வொரு பிரேமையும் வெளிர் நீலத்தில் பிரிண்ட் எடுத்து, மேலே கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் இழுக்கச் சொன்னேன். ஸ்கேன் செய்தபின் நீலத்தை மென்பொருளில் நீக்கிவிடலாம், அடியில் விளக்கு எரிய, மேலே தாள் வைத்துப் படியெடுக்கும் லைட் பாக்ஸின் செலவு மிச்சம். (வடைப் பெட்டிக்குள் பல்பு எரிகிறதே, அந்தக் கண்ணாடி மேல் வைத்து வரையலாமே என்றார் மாஸ்டர். வரைந்தோம். நான்கு தாள் எண்ணெயில் போயிற்று.)

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். தாளின் நான்கு மூலையிலும் கூட்டல் குறி, ஓரத்தில் பிரேம் எண். நான் இரண்டையும் விட்டுவிட்டேன். ஜெராக்ஸ் கடையில் சில தாள்களைக் கொஞ்சம் சுருக்கி அடித்துவிட்டார்கள் போல. ஓடவிட்டால் மாஸ்டர் விக்கல் வந்தவர் மாதிரி குதிக்கிறார். சுவரில் மாட்டியிருந்த காலண்டரை அடையாளமாக வைத்து ஒவ்வொன்றாகப் பொருத்த இரண்டு ராத்திரி ஆனது. கலைந்துபோன தாள்களை டம்ளருக்கும் கிளாஸுக்கும் நடுவே டீ எவ்வளவு நீளம் என்று பார்த்துத்தான் வரிசைப்படுத்தினேன்.

மற்றபடி யார் கோட்டையும் திருத்தாதீர்கள். வகுப்புத் தோழன் ஒருவன் ஒரே பிரேமுக்கு முக்கால் மணி நேரம் ஷேடிங் போட்டான். ஓடும்போது அது மட்டும் பளிச்சென்று கண்ணில் அடித்தது. அது போதாதென்று மற்றவர்கள் வரைந்த மூக்கைச் சரிசெய்யவும் கிளம்பினான், பேனாவைப் பிடுங்கிவிட்டேன். பூ விற்கும் அக்கா ஒருவர், "எனக்குக் கோலம்தான் வரும்" என்று ஆவியைச் சிக்குக் கோலமாகச் சுழித்துவிட்டுப் போனார். 96-ல் எனக்குப் பிடித்தது அதுதான். ஆளுக்கு ஆள் கோடு மாறுவதால் படம் முழுக்க நடுங்கிக்கொண்டே இருக்கும். அனிமேஷனில் இதற்கு 'பாயில்' என்றே பெயர், அதாவது கொதிப்பு. டீக்கடைக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் ஒருவர் வரைந்தது வினாடியில் 12-ல் ஒரு பங்கு நேரம்தான் திரையில் நிற்கும். கடைச் சுவரில் போட்டுக் காட்டியபோது, "என்னுது எங்க, என்னுது எங்க" என்று ஒரே சத்தம். நிறுத்தி நிறுத்தித்தான் ஓட்ட முடிந்தது. அதனால் எல்லாத் தாளையும் சின்னதாக்கி ஒரு ஃபிளிப் புக்கும் தைத்து கல்லாவில் வைத்துவிட்டேன்.

மாஸ்டர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் ஒரு சொட்டு சிந்தாம ஆத்துறவன்பா. ஊரே சேந்து தரையெல்லாம் சிந்த வச்சிருக்கீங்க."