வளாக மேலாண்மையில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது?

கோத்தகிரியில் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் நீங்கள், "வளாக மேலாண்மை என்பது கட்டடப் பராமரிப்புதானே, முனைவர் பட்டம் வரை படிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே இருக்கிறது.

பராமரிப்பு ஒழுகும் கூரையை அடைக்கும். அந்தக் கட்டடம் நிறுவனத்தின் வேலைக்கு உதவுகிறதா என்று கேட்பது இந்தத் துறை. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வளாகத்தை நான்கு தரப்பிலிருந்து பார்க்கிறார்கள்: கொள்கை வகுப்பவர், நிதியைக் கவனிப்பவர், பயன்படுத்துபவர், கட்டடத்தைப் பேணுபவர். இவர்களின் தேவைகள் முட்டிக்கொள்ளும் இடத்தில்தான் ஆய்வே தொடங்குகிறது.

ஒரு கணக்கு பாருங்கள். 60 இருக்கை வகுப்பறை. வாரம் 40 மணி நேரம் கிடைக்கும், 20 மணி நேரம்தான் பாடம், அப்போதும் சராசரியாக 30 பேர். பாதியில் பாதி, அதாவது பயன்பாடு 25 சதவீதம். "இடம் போதவில்லை, புது பிளாக் வேண்டும்" என்று கோப்பு நகருமுன் இதைப் போட்டுப் பார்க்க வேண்டும். சரிவை வெட்டி, தடுப்புச்சுவர் எழுப்பிக் கட்டும் நம் மலையில் இது ரொம்பவே முக்கியம்.

அப்புறம், எதை எங்கே கட்டுவது என்ற இடத் தேர்வும் இந்தத் துறையின் கேள்விதான். ஊட்டி முத்தோரை ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம். அது நிற்கும் சரிவின் சாய்வு அவ்விடத்தின் அட்சரேகையோடு, சுமார் 11 டிகிரி, ஒத்துப்போகிறது. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்து, ஒரே அச்சில் சுழற்றியே வான்பொருளை மணிக்கணக்கில் பின்தொடர முடிகிறது.

நீங்கள் உங்கள் கல்லூரியிலேயே தொடங்கலாம். மழை மாதங்களில் ஈரம் ஏறி எந்த அறைகள் காலியாகக் கிடக்கின்றன என்று மணிவாரியாகக் குறித்து வையுங்கள்.