முதலில் எறும்பைத் தேடுங்கள்

அன்புள்ள ஐயா,

சென்ற ஆண்டு பனாமா காடுகளில் அலைந்தேன். எறும்புப்பறவைகளின் குரல் கேட்டதே தவிர, ஒன்றையும் சரியாகப் பார்க்கவில்லை. பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டும் பயனில்லை. மறுபடியும் போகிறேன். அவை எறும்பைத்தான் தின்கின்றனவா? எப்படிப் பார்ப்பது?

ம.

அன்புள்ள ம.,

எறும்பை அவை அநேகமாகத் தொடுவதில்லை. படை எறும்புகள் பல மீட்டர் அகலத்துக்குப் பரவி வரும்போது சருகுக்குள்ளிருந்து வெட்டுக்கிளி, கரப்பான், சிலந்தி எல்லாம் தலைதெறிக்க ஓடும். பறவைக்கு வேண்டியது அதுதான். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் மெல்லிய செடித்தண்டைப் பக்கவாட்டில் பற்றிக்கொண்டு நிற்கும். சட்டென்று இறங்கிக் கொத்தும். எறும்பு காலில் ஏறுமுன் தண்டுக்குத் திரும்பிவிடும். கண்ணைச் சுற்றி நீலத்தோல் கொண்ட பெரிய பறவை வந்தால் படையின் முன்னணி அதற்குத்தான். சின்னவை ஓரத்துக்கு ஒதுங்கும். இந்தச் சண்டையைக் கவனியுங்கள், அவ்வளவு அருமையாக இருக்கும்.

எறும்புப்பறவைக் குடும்பத்தின் 230க்கும் மேற்பட்ட இனங்களில் சில மட்டுமே படை எறும்பையே முழுக்க நம்பி வாழ்பவை. அவற்றைப் பார்க்க எறும்பைத் தேடுவதுதான் வழி. ஆனால் எறும்புகள் எல்லா நாளும் ஒரேபோல் கிளம்புவதில்லை. சுமார் 15 நாள் தினமும் வேட்டை, இரவில் இடமாற்றம். அடுத்த 20 நாள் ஒரே இடத்தில் தங்கல், வேட்டை குறைவு. அதனால் பறவை பல எறும்புக் கூட்டங்களின் தங்குமிடங்களை நினைவில் வைத்துக்கொண்டு, காலையில் ஒவ்வொன்றாக எட்டிப்பார்க்கிறது.

காடு சுருங்கினால் எறும்புக் கூட்டங்களும் குறையும், இந்தக் கணக்கு தப்பிவிடும். பனாமா கால்வாய்க்காக ஆற்றைத் தடுத்தபோது அங்குள்ள பாரோ கொலராடோ ஒரு குன்றிலிருந்து தீவானது, சுமார் 15 சதுர கிலோமீட்டர். எறும்புகள் இன்றும் அங்கே இருக்கின்றன. கண்ணைச் சுற்றி நீலத்தோல் கொண்ட அந்தப் பெரிய பறவை போய்விட்டது. எனக்கு இது தாங்கமுடியாத செய்தி.

சரி, உங்கள் பயணத்துக்கு வருவோம். குரலை ஒலிக்கவிடாதீர்கள், இரைதேடும் பறவையை வீணாக இழுக்க வேண்டாம். இந்த வாரம் எறும்புப் படையை எங்கே பார்த்தார்கள் என்று வழிகாட்டியிடம் முதல் நாளே கேளுங்கள். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, படைக்கு எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். அசையாமல் இருந்தால் பறவை சில மீட்டர் அருகில்கூட வரும்.